சஃபாரிக்கு எந்த மாதம்? மழைக்கணக்கை முதலில் பாருங்கள்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாள். தான்சானியாவின் செரங்கெட்டிப் பகுதியில் இரண்டு பேர் இரண்டு முகாம்களில் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் தெற்கே எண்டுட்டுவில். இன்னொருவர் வடக்கே, மாரா ஆற்றங்கரையில் உள்ள கோகடெண்டேயில். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 150 கிலோமீட்டருக்கு மேல். தெற்கே இருப்பவர் கண்முன் காய்ந்த தரையும் புழுதியும்தான். வடக்கே இருப்பவர் முன்னால் ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்டுகள் (மாடு போன்ற உடலமைப்புள்ள மான் இனம்) ஆற்றில் இறங்கலாமா வேண்டாமா என்று கரையில் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. பிப்ரவரியில் அதே இருவரை அதே முகாம்களில் உட்காரவைத்தால் காட்சி தலைகீழாக மாறிவிடும்.

"ஆப்பிரிக்க சஃபாரிக்கு நல்ல மாதம் எது?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வழி திறக்கும்: நாம் போகும் மாதத்தில், போகும் இடத்தில், தண்ணீர் எங்கே இருக்கும்?

வறட்சி ஏன் நமக்கு உதவுகிறது

வறண்ட காலத்தில் விலங்குகளின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை. அவை சிதறிக் கிடக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். மழை பெய்யும் மாதங்களில் காட்டில் பள்ளம் கண்ட இடமெல்லாம் தண்ணீர் தேங்கும்; எந்த விலங்கும் ஆற்றங்கரையைத் தேடி வரவேண்டிய அவசியம் இல்லை. மழை நின்று மூன்று நான்கு மாதம் கழிந்தால் பள்ளங்கள் வற்றி, வற்றாத ஆறுகளும் சுனைகளும், பூங்கா ஊழியர்கள் மோட்டார் வைத்து நிரப்பும் குட்டைகளும்தான் மிஞ்சும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வரிக்குதிரையும் எருமையும் தண்ணீரை விட்டு நெடுந்தூரம் போக முடியாது. இரை அங்கே வரும் என்பது சிங்கத்துக்கும் தெரியும். அதுவும் கரையோர நிழலிலேயே படுத்துக்கிடக்கும்.

கூடவே புல் காய்ந்து தரையோடு படிகிறது, புதர்கள் இலை உதிர்க்கின்றன. மழைக்காலத்தில் பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் சிறுத்தையைத் தாண்டி வண்டி போய்விடும். செப்டம்பரில் அதே சிறுத்தையை நூறடி தள்ளியிருந்தே பார்த்துவிடலாம்.

புதிதாகத் திட்டமிடுபவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. விலங்கு பார்ப்பதில் உச்சம் வறண்ட காலத்தின் தொடக்கம் அல்ல, அதன் கடைசிப் பகுதி. "ஜூனில் வறண்ட காலம் ஆரம்பம்" என்று படித்துவிட்டு ஜூன் முதல் வாரத்துக்கே பதிவு செய்தால், மழையில் வளர்ந்த புல் அப்போதும் இடுப்பளவு நிற்கலாம், காட்டுக்குள் குட்டைகள் வற்றாமலும் இருக்கலாம். கடைசி மாதத்துக்கு விலையும் உண்டு: சுட்டெரிக்கும் வெயில், புழுதி, காட்டுத்தீயின் புகை மண்டிய மங்கலான வானம். படம் எடுப்பவர்களை இந்தப் புகை ரொம்பவே சோதிக்கும்.

இரண்டு மழைக்கணக்குகள்

கேரளத்தில் ஜூனில் கொட்டும் மழை சென்னையை ஐப்பசி வரை காத்திருக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆப்பிரிக்காவில் சூரியன் உச்சியில் நிற்கும் பகுதியைப் பின்தொடர்ந்து மழைப்பட்டை ஒன்று வடக்கும் தெற்குமாக நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யா, வட தான்சானியா வழியாக அது ஆண்டுக்கு இருமுறை போவதால் அங்கே இரண்டு மழைக்காலங்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெய்வது பெருமழை; சுவாஹிலியில் 'மசிகா' என்பார்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வருவது 'வூலி' என்னும் சிறுமழை. வூலி பெரும்பாலும் மாலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும். காலை உலாவைக் கெடுக்காது. மசிகா அப்படியல்ல, நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும்.

தெற்கே போகப் போக இரண்டும் ஒன்றாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா, பொட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, நமீபியா எல்லாவற்றிலும் நவம்பர் முதல் மார்ச் அல்லது ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். மே முதல் அக்டோபர் வரை மழை மிகக் குறைவு. கேப் டவுனையும் சுற்றிவர நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கணக்கு தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மழை. குரூகரில் நீல வானம் இருக்கும் ஜூலையில் கேப் டவுன் நனைந்து கிடக்கும்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கிழக்கே சிறுமழை அளவுமீறிப் பெய்யும், தெற்கே மழை பொய்க்கும். 2023–24இல் இரண்டும் நடந்தன. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் வறட்சியில் தவித்தன. கென்யாவில் அடுத்து வந்த பெருமழையும் எல்லை மீறியது. 2024 மே முதல் நாளில் தாலெக் ஆறு கரையுடைத்து செரங்கெட்டிக்கு வடக்கே அதை ஒட்டியிருக்கும் மசாய் மாரா காப்பகத்தின் முகாம்களுக்குள் புகுந்தது, பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு அந்த ஆண்டின் மழை முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெரும் இடப்பெயர்வு: மாதமும் இடமும் சேர்ந்தால்தான்

பெரும்பாலானோர் முதல் சஃபாரி கேட்பதே இதற்காகத்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பத்து லட்சத்தைத் தாண்டும் வில்டபீஸ்ட்டுகளும், அவற்றோடு லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் கெசல் மான்களும் செரங்கெட்டியையும் மசாய் மாராவையும் சேர்த்து ஆண்டு முழுக்க வலம் சுற்றுகின்றன. அவை ஏன் ஒரே இடத்தில் தங்குவதில்லை என்பது புரிந்தால் மாதங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தென்கிழக்கே எண்டுட்டுவைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த மண். அங்கே முளைக்கும் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கும். ஈன்று பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிட நல்ல தீனி அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் அங்கே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. இருக்கும் ஏரிகளோ உவர் நீர். மழை இருக்கும்வரைதான் அங்கே வாழ முடியும். வடக்கே போகப் போக மழையளவு கூடும். வற்றாத மாரா ஆறும் அங்கேதான் ஓடுகிறது. ஆனால் அந்தப் புல் உயரமானது, சத்துக் குறைந்தது. ஆக, மழை பெய்தால் சத்தான புல்லுக்காகத் தெற்கே, மழை நின்றால் தண்ணீருக்காக வடக்கே. இந்த இழுபறிதான் இடப்பெயர்வு.

இதன்படி டிசம்பர் முதல் மார்ச் வரை மந்தை தெற்குச் சமவெளியில் இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை கன்று ஈனும் பருவம். பெரும்பாலான கன்றுகள் மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடும். எல்லாம் ஒரே சமயத்தில் பிறப்பதால் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பதே அவற்றின் உத்தி. பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து ஓடும். வேட்டை பார்க்க வேண்டுமென்றால் ஆற்றங்கரையைவிட இதுவே நல்ல வாய்ப்பு. எண்டுட்டு இருப்பது கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் என்பதால், செரங்கெட்டி தேசியப் பூங்காவில் அனுமதிக்கப்படாத தடம் விலகி ஓட்டுவதும் அங்கே முடியும்.

ஏப்ரல், மே மாதங்களில் மந்தை மழையோடு நடுச் செரங்கெட்டி வழியாக வடமேற்கே நகரும். ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலை பாதியிலிருந்து அக்டோபர் வரை வட செரங்கெட்டியிலும் மசாய் மாராவிலும். மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி அப்போதுதான். நவம்பரில் சிறுமழையின் வாசம் பிடித்துத் தெற்கே திரும்பிவிடும்.

இதில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, செரங்கெட்டியை ஒரே இடமாக நினைப்பது. பூங்கா மட்டுமே 14,763 சதுர கிலோமீட்டர். ஆகஸ்டில் நடுவிலுள்ள செரொனேராவில் அறை எடுத்துவிட்டு, மந்தையைப் பார்க்க வடக்கே ஒரு நாளில் போய்வரலாம் என்று எண்ணினால், நாள் முழுதும் குலுங்கும் மண்பாதையிலேயே கழிந்துவிடும். இரண்டாவது, ஆறு கடப்பதை நேரம் குறித்த நிகழ்ச்சியாக எதிர்பார்ப்பது. மந்தை கரைக்கு வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டு, ஒரு முதலையோ ஒரு சத்தமோ போதும், வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஓர் இரவு தங்கிப் பார்ப்பது வீண். குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு. மூன்றாவது, மே கடைசியில் மசாய் மாராவுக்குப் போய் இடப்பெயர்வைத் தேடுவது. சிங்கங்களும் யானைகளும் அப்போதும் இருக்கும், மந்தை வந்து சேர்ந்திருக்காது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். 2024 முதல் மசாய் மாராவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் என்றும், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர் என்றும் ஆனது. நால்வர் குடும்பத்துக்கு அது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்ட பிறகு மாதத்தை முடிவு செய்யுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மாராவில் பெரும் மந்தை இல்லாவிட்டாலும் அங்கேயே வாழும் சிங்கக் கூட்டங்கள் எங்கும் போவதில்லை. இடப்பெயர்வுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் நல்ல தேர்வு.

அருகிலுள்ள மற்ற இடங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தான்சானியாவின் தாரங்கிரே பூங்கா ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை யானைக்கூட்டங்களுக்குப் பேர்போனது. மழை வந்ததும் அவை பூங்காவை விட்டு வெளியே பரவிவிடும். கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் தண்ணீர் எப்போதும் உண்டு, ஆண்டு முழுதும் விலங்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளத்தின் விளிம்பில் தங்குபவர்களுக்குக் குளிர் எலும்பைத் தொடும். கென்யாவின் அம்போசெலி பூங்காவின் சதுப்புகளைக் கிளிமஞ்சாரோவிலிருந்து நிலத்தடியே வரும் நீர் நிரப்புவதால் அங்கும் யானைக்குக் குறைவில்லை. மலையின் உச்சி தெரிய வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரி மாத விடியற்காலை. ஜூலையில் மேகம் பல நாள் விலகுவதே இல்லை.

தெற்கே: மழை நின்றபின் வரும் வெள்ளம்

குரூகர், ஜாம்பியாவின் தென் லுவாங்வா, ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே, மானா பூல்ஸ் ஆகியவற்றுக்குப் பொதுவான விதி எளியது. ஜூன் முதல் அக்டோபர் வரை போகலாம். விலங்குக்கு செப்டம்பர் சிறப்பு. அக்டோபரில் லுவாங்வாவிலும் மானா பூல்ஸிலும் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப்போக வேண்டாம். லுவாங்வா ஆற்றின் செங்குத்துக் கரையில் கருஞ்சிவப்புப் பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் வளை தோண்டிக் கூடுவைப்பது செப்டம்பர், அக்டோபரில்தான். ஆப்பிரிக்கக் காட்டுநாய் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜூன், ஜூலையைக் கருதலாம். நாளுக்கு நாள் இடம் மாறும் அந்தக் கூட்டம் குட்டி போட்ட வளையை விட்டு அந்த மாதங்களில் நகராது.

நமீபியாவின் எதோஷாவில் ஜூலை முதல் அக்டோபர் வரை வண்டியை ஒரு குட்டையருகே நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே முறை. ஓகாகுவேயோ முகாமின் குட்டைக்கு இரவில் விளக்கு போட்டிருப்பார்கள். மதிலுக்கு இந்தப்புறம் அமர்ந்தபடியே காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம்.

பொட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாதான் எல்லாரையும் குழப்பும். அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் குறைவு, வறண்ட காலத்தில் வெள்ளம். அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெய்த மழை ஆற்றில் இறங்கித் தெற்கே வருகிறது. டெல்டாவில் நிலத்தின் சரிவு மிகமிகக் குறைவு என்பதால் நாணலுக்கும் கோரைக்கும் நடுவே தண்ணீர் ஊர்ந்துதான் போகும். மார்ச், ஏப்ரலில் டெல்டாவின் வாயைத் தொடும் நீர், அதன் கீழ்முனையில் இருக்கும் மாவுன் நகரை எட்ட ஜூன், ஜூலை ஆகிவிடும். சுற்றியுள்ள காலஹாரி காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் டெல்டா நிறைந்திருப்பதால் விலங்குகள் அதன் தீவுகளுக்குத் திரள்கின்றன. 'மொகோரோ' என்னும் ஒடுங்கிய படகில் போக வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஜீப்பில் சுற்றி விலங்கு பார்ப்பதே முக்கியம் என்றால், நீர் வடியத் தொடங்கும் செப்டம்பர். நவம்பரில் போய்விட்டு "படகே ஓடவில்லையே" என்று வருந்துவது இந்தக் கணக்குத் தெரியாததால்தான்.

இதே நாட்டில் இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. மத்திய காலஹாரியில் நிலையான தண்ணீர் கிடையாது. மழை பெய்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பழைய ஆற்றுத்தடங்களில் புல் முளைக்கும்போதுதான் ஓரிக்ஸ் மான்களும் அவற்றைத் தொடர்ந்து சிங்கங்களும் கூடும்.

விக்டோரியா அருவியைச் சேர்த்துக்கொள்பவர்கள் ஏப்ரலில் போனால் அருவி முழு வீச்சில் விழும். ஆனால் எழும் சாரலில் அருவியே கண்ணுக்குத் தெரியாது, கேமரா நனைந்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் வெறுமையாக நிற்கும், அப்போது ஜிம்பாப்வே பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலை இரண்டுக்கும் நடுவாக அமையும்.

மழைக்காலத்தை முழுதாக ஒதுக்க வேண்டாம்

பசுமைக் காலம் என்று முகாம்காரர்கள் விற்பதில் விளம்பரம் கொஞ்சம் உண்டு, உண்மையும் உண்டு. கட்டணம் கணிசமாகக் குறையும். ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்கும் கொடுமை இருக்காது. காற்றில் தூசி இல்லாததால் ஒளி துல்லியமாக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை ஐரோப்பாவிலிருந்து செங்கால் நாரைகள் உள்ளிட்ட வலசைப் பறவைகள் வந்திருக்கும். பறவை பார்ப்பவர்கள் வேறு மாதம் யோசிக்கவே தேவையில்லை. குரூகரில் இம்பாலா மான் குட்டிகள் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் பிறக்கும்.

சிக்கல் பாதையில்தான். செரங்கெட்டி, மாரா, லுவாங்வா மூன்றிலும் பல இடங்களில் நம்மூர் கரிசல் போன்ற மண்தான். கோவில்பட்டிப் பக்கம் மழையில் கரிசல்காட்டில் வண்டி இறக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: நனைந்தால் பசையாகி டயரில் அப்பிக்கொள்ளும், நான்கு சக்கரமும் சுழன்றாலும் வண்டி நகராது. லுவாங்வாவின் உள்காட்டு முகாம்கள் பல நவம்பர் வாக்கில் மூடி மே, ஜூனில் திறப்பது இதனால்தான். ஏப்ரலில் கிழக்கே போவதானால் தார்ச்சாலையும் கப்பிச்சாலையும் எட்டும் முகாமைத் தேர்ந்தெடுங்கள், ஓர் உபரி நாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் விடுமுறையும் அவர்கள் மழையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியும் மேயும். கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் ஆண்டிலேயே மிக ஈரமான வாரங்கள் அவைதான். அந்த நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் மாரா பேக்கேஜில் விலை குறைவதற்குக் காரணம் மழை. மே மாதம்தான் முடியும் என்ற குடும்பங்கள் திசையைத் தெற்கே திருப்புவதே சரி. மே இரண்டாம் பாதியில் குரூகரில் மழை ஓய்ந்து, பகலில் இதமான வெயில், கொசுவும் குறைவு. புல் மட்டும் செப்டம்பர் அளவுக்குப் படிந்திருக்காது.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை சிறியதானாலும் பொருத்தத்தில் முதலிடம் அதற்குத்தான்: மாராவில் மந்தை இருக்கும், தெற்கே எல்லாப் பூங்காக்களும் உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் கிடைத்தால் நைரோபி வழியாக மாராவில் நான்கு இரவு தாராளமாக முடியும். அரையாண்டு விடுமுறையில் எண்டுட்டுவும் கொரொங்கோரோவும் நன்றாக இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை வாடகை ஏறிவிடும். ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை வறண்ட காலத்தோடு ஒத்துப்போகிறது. எல்லா ஐரோப்பியருக்கும் அப்படியே என்பதால் அந்த மாதங்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு முன்பே அறை பிடிக்க வேண்டும். பசுமைக் காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் போதும்.

தேதி குறித்தபின்

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் எண்ணிப் பருத்திச் சட்டையோடு போவது தென்பகுதியில் ஜூன், ஜூலையில் செய்யும் பெரிய பிழை. குரூகரில் விடியற்காலை 5, 6 டிகிரிக்கு இறங்கும். திறந்த ஜீப்பில் காற்று வேறு. கம்பளித் தொப்பி, கையுறை, காற்று புகாத மேலங்கி கட்டாயம்; பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். தாரங்கிரேயிலும் செரங்கெட்டியின் மேற்கிலும் கடிக்கும் ட்செட்சே ஈ கறுப்பு, கருநீல நிறத்தை நாடி வரும். காக்கியும் மங்கிய பழுப்பும் பாதுகாப்பு. சிறு விமானத்தில் மாராவுக்குப் போவதானால் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, அதுவும் சக்கரமோ சட்டமோ இல்லாத மெத்தென்ற பையில்.

மலேரியா கொசு மழைக்காலத்திலும் அதையடுத்த வாரங்களிலும் மிகுதி. வறண்ட மாதங்களில் குறையுமே தவிர மறையாது. அங்கே அதிகம் பரவுவது உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. "நமக்குக் கொசுக்கடி பழக்கம்தானே" என்று விட்டுவிடாமல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கு மலேரியா இல்லாத மடிக்வே, பிலனெஸ்பர்க் போன்ற தென்னாப்பிரிக்கக் காப்பகங்கள் நிம்மதி. கென்யா, உகாண்டா போய்வருபவர்களிடம் இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. குறிப்பிட்ட மையங்களில்தான் இந்த ஊசி கிடைக்கும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் பயண நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முகாமின் பெயர் என்ன, வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது? போன ஆண்டு இதே வாரத்தில் மந்தை அல்லது யானைக்கூட்டம் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது? இந்த மாதத்தில் முகாமுக்குப் பக்கத்தில் வற்றாத தண்ணீர் எது? ஊரைத் தெரிந்தவர் ஆற்றின் பெயரையும் கிலோமீட்டரையும் உடனே சொல்லுவார். "எல்லா மாதமும் நல்லாத்தான் இருக்கும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு நிறுவனத்திடமும் விசாரியுங்கள்.